பறவைகள் மீது விழுந்த பழி

தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. இந்த ஊர்களை ஒட்டி ஓடும் பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். ஆனாலும் மழை பெய்தால் ஏரிகள் நிரம்பும். ஏரி நிரம்பினால் கொக்கு வரும், நாரை வரும். வடக்கேயிருந்து வாத்துக் கூட்டமும் வந்து இறங்கும். உழவன் வயலில் இறங்கினால் அவன் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடக்கும். பிறந்தது முதல் நாம் பார்த்து வரும் காட்சி இது.

1955-ம் ஆண்டில் இதே வட்டாரத்தில் ஒரு விசித்திரமான காய்ச்சல் குழந்தைகளைப் பிடித்தது. முதலில் கடும் ஜுரம். பிறகு வலிப்பு. பிறகு நினைவு தப்பிவிடும். சில குழந்தைகள் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கை கால் வழங்கவில்லை. பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதுதான் ஜப்பானிய மூளைக் காய்ச்சல். இந்தியாவில் அந்த நோய் மனிதர்களிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது நம்முடைய வேலூரில்தான்.

நெல் வயலில் பெருகும் கொசு கடிப்பதால் இந்த நோய் வருகிறது. அப்படியானால் கொசுவுக்கு அந்த வைரஸ் எங்கிருந்து வந்தது? விஞ்ஞானிகள் தேடினார்கள். ஏரியோரத்துக் கொக்குகளின் இரத்தத்திலும் பன்றிகளின் இரத்தத்திலும் அது தங்கிப் பெருகுகிறது என்று தெரிய வந்தது. கொக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. கொக்கு நேராக மனிதனுக்கு நோயைக் கொடுப்பதும் இல்லை. நடுவில் கொசு வேண்டும்.

வேலூரில் காய்ச்சல் கண்ட இரண்டாம் ஆண்டில், அந்நாளைய மைசூர் ராஜ்யத்தில் இன்னொரு மர்ம நோய் கிளம்பியது. காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அந்தத் தடவையும் சந்தேகம் பறவைகள் மீதே விழுந்தது. அதுவும் ஏதோ ஒரு பறவை மீதல்ல, கடல் தாண்டி மலை தாண்டி வரும் லட்சோபலட்சம் பறவைகள் மீது!

இந்தப் பழி மெய்யா, பொய்யா? அதைக் கண்டுபிடிக்க இந்தியாவில் ஒரே ஒரு மனிதரைத்தான் எல்லோரும் நாடினார்கள். அவர் பெயர் சலீம் அலி.

சுட்டு வீழ்த்திய சிட்டு

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தை போய்விட்டார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் அந்தக் குழந்தைகளை வளர்த்தார்கள். அவர்களுக்குச் சொந்தக் குழந்தை இல்லை. பெற்ற பிள்ளைகளுக்குச் செய்வதைப் போலவே செய்தார்கள். உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானதும் தலைமை ஏற்கப் புறப்பட்ட அப்பாஸ் தயாப்ஜியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான்.

சிறுவன் சலீமுக்கு மாமா ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு வேட்டை ஒரு விளையாட்டு. சலீம் சிட்டுக்குருவிகளைச் சுட்டுத் தள்ளினான். பெரிய வேட்டைக்காரனாக வரவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. பிற்காலத்தில் பறவைகளுக்காகவே வாழ்ந்த மனிதரின் ஆரம்பம் இப்படி!

ஒரு நாள் அவன் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் பூசியது போல ஒரு திட்டு இருந்தது. இது என்ன குருவி? சாப்பிடலாமா, கூடாதா? மாமாவிடம் எடுத்துக்கொண்டு போனான். மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அங்கத்தினர். அங்கே கௌரவக் காரியதரிசியாக இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, குருவியோடு சிறுவனை அனுப்பி வைத்தார்.

அது 1908-ம் ஆண்டு. வெள்ளைக்காரர் என்றாலே இந்தியச் சிறுவர்கள் நடுங்கிய காலம். சலீம் பயந்துகொண்டேதான் படியேறினான். மில்லார்டோ அன்போடு பேசினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பிறகு ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து காட்டினார். உள்ளே நூற்றுக்கணக்கான பறவைகள், பஞ்சு அடைத்த உடலோடு வரிசை வரிசையாகப் படுத்திருந்தன. சிறுவன் வாயடைத்து நின்றான். உலகத்தில் இத்தனை விதமான குருவிகளா?

நம்முடைய தோல் பட்டறை ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. மில்லார்டு அந்தச் சிறுவனுக்கு முதலில் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தது, பறவையின் தோலை உரித்துப் பதனிடும் வேலையைத்தான்! ஆனால் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் போலச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைக்கும் வேலை அல்ல இது. பறவைத் தோலில் ஓர் இறகு கூட உதிரக்கூடாது. சிட்டுக்குருவியின் தோலோ வெங்காயச் சருகு போன்றது. விரல் சற்று அழுந்தினால் கிழிந்துவிடும். உள்பக்கம் பூச்சி அரிக்காமல் மருந்து பூசி, பஞ்சு அடைத்துத் தைக்க வேண்டும். பிடித்த இடம், நாள், ஆணா பெண்ணா என்ற விவரம் எழுதிக் காலில் சீட்டுக் கட்ட வேண்டும். சலீம் அந்த வேலையில் கை தேர்ந்தான்.

படிப்பு ஏறவில்லை

பறவைகளிடம் இருந்த அக்கறை பள்ளிப் பாடத்தில் இல்லை. கணக்கு என்றால் கசப்பு. உடம்புக்கும் அடிக்கடி தலைவலி. கல்லூரியில் சேர்ந்தும் நிலைக்கவில்லை. 1914-ல் குடும்பத்தார் அவரைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். அங்கே தவாய் என்ற ஊரில் குடும்பத்துக்குச் சுரங்கத் தொழிலும் மர வியாபாரமும் இருந்தன. அண்ணனுக்கு உதவியாக இருக்கச் சொன்னார்கள். ஆனால் சுரங்கத்தைச் சுற்றிலும் காடு! காட்டில் பறவைகள்! வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1917-ல் பம்பாய் திரும்பினார். ஒரு பக்கம் வணிகப் படிப்பு, இன்னொரு பக்கம் செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியல் என்று படித்தார். 1918 டிசம்பரில் தெஹ்மினா என்ற பெண்ணை மணந்தார். இந்த அம்மையாரைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசாங்க விலங்கியல் துறையில் பறவை நிபுணர் வேலை ஒன்று காலியாயிற்று. சலீம் அலி மனுப் போட்டார். சர்வகலாசாலைப் பட்டம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பறவைகளைப் பற்றி அவரை விட அதிகம் தெரிந்த இளைஞர் அப்போது தேசத்தில் யார் இருந்தார்? காகிதம் இல்லாத அறிவுக்கு மதிப்பில்லை என்பது அந்நாளிலும் இருந்த கொடுமைதான்.

1926-ல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் பொருட்காட்சிச் சாலையில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் அதுவும் அலுத்துப் போயிற்று. 1928-ல் லீவு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லினில் ஸ்டிரெஸ்மான் என்ற பறவை மேதையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். அவரையே தம் குருவாக வாழ்நாள் முழுதும் கொண்டாடினார்.

ஜெர்மனிக்குப் பக்கத்துக் கடலில் ஹெலிகோலாந்து என்று ஒரு சிறு தீவு. அங்கே பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டி, பறக்க விடுவார்கள். வேறு தேசத்தில் யாராவது அந்தப் பறவையைக் கண்டெடுத்தால், வளையத்தில் உள்ள விலாசத்துக்கு எழுதுவார்கள். பறவை எங்கிருந்து எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும். எளிய காரியம்தான். ஆனால் பறவையின் பிரயாணத்தை அறிய அதைவிட நல்ல வழி அக்காலத்தில் இல்லை. சலீம் அலி அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். அது எதற்கு உதவப் போகிறது என்று அப்போது அவருக்கே தெரியாது.

தூக்கணாங்குருவி செய்த உபகாரம்

1930-ல் ஊர் திரும்பினால் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பணம் இல்லை என்று அவருடைய வேலையையே எடுத்துவிட்டார்கள்! கையில் காசில்லை. பம்பாயில் குடித்தனம் நடத்த முடியாது. கணவனும் மனைவியும் கடலோரத்தில் உள்ள கிஹீம் என்ற கிராமத்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நம் ஊர்க் கிணற்றடியிலும் பனையிலும் ஈச்சமரத்திலும் தொங்குமே, அதே கூடுதான். வேலையில்லாத மனிதர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நாள் கணக்கில், வாரக் கணக்கில் பார்த்தார். அப்படிப் பார்த்ததில் அதுவரை யாரும் அறியாத சங்கதிகள் வெளிப்பட்டன.

கூடு கட்டுவது ஆண் குருவி மட்டுமே. பாதி கட்டியதும் பெண் குருவிகள் வீடு பார்க்க வருவது போலக் கூட்டமாக வருகின்றன. உள்ளே நுழைந்து, இழுத்துப் பார்த்து, பிடித்திருந்தால் ஒருத்தி தங்கிவிடுகிறாள். பிடிக்காவிட்டால் போய்விடுகிறாள். ஒருத்தி குடியேறியதும் ஆண் குருவி மிச்சத்தைக் கட்டி முடிக்கிறது. அவள் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும், ஆண் குருவி அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கக் கிளம்பிவிடுகிறது! அந்தக் கூட்டுக்கு வேறொருத்தி. இந்த ஆராய்ச்சி அச்சில் வந்தபோது உலகத்துப் பறவை நிபுணர்கள் சலீம் அலி என்ற பெயரை முதல் தடவையாகக் கவனித்தார்கள்.

பிறகு அவர் ஒரு யுக்தி செய்தார். சமஸ்தானங்களுக்கு எழுதினார். சம்பளம் வேண்டாம், முகாம் செலவை மட்டும் கொடுத்தால் உங்கள் சமஸ்தானத்துப் பறவைகளையெல்லாம் ஆராய்ந்து கணக்கெடுத்துத் தருகிறேன் என்பது அதன் சாரம். ஹைதராபாத் நிஜாம் அரசு ஒப்புக்கொண்டது. அடுத்துத் திருவிதாங்கூர், கொச்சி. இப்படி ஒவ்வொரு சமஸ்தானமாகக் காடும் மலையும் அலைந்தார்.

தெஹ்மினா அம்மையார் கூடவே போனார். அவர் இங்கிலாந்தில் படித்தவர். சுகமாக வாழ்ந்து பழகியவர். மாட்டு வண்டியிலும் கூடாரத்திலும் காலத்தைக் கழிக்க அவர் முகம் சுளித்ததில்லை. கணவர் எழுதியதைத் திருத்தி, மொழியை அழகு செய்து கொடுத்தவரும் அவரே. 1939-ல் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. அதைத் தொடர்ந்து இரத்தம் விஷமாகி அந்த அம்மையார் இறந்து போனார். சலீம் அலிக்கு அப்போது 42 வயது. குழந்தை இல்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரியின் வீட்டில் போய்த் தங்கினார். அங்கிருந்து மறுபடி காட்டுக்குப் புறப்பட்டார்.

1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகம் வெளிவந்தது. வண்ணப் படத்தோடு, யாரும் படித்துப் புரிந்துகொள்ளும் நடை. டேராடூன் சிறையில் இருந்த நேரு, மகள் இந்திராவுக்கு அந்தப் புத்தகத்தை அனுப்பி வைத்தார். அதுவரை பறவைகளை ஏறிட்டும் பாராத பல்லாயிரம் பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றார்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தப் பறவைக்காரருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950-ல் சுவீடன் தேசத்தில் பறவை நிபுணர் மாநாடு. 53 வயதான சலீம் அலி தம் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றி அனுப்பி, ஐரோப்பா முழுதும் அதிலேயே சுற்றி, மாநாட்டு வாசலில் போய் இறங்கினார். பம்பாயிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று அங்கே வதந்தி பரவிவிட்டது! அப்படிச் செய்யாமற் போனோமே என்று அவருக்கே வருத்தம்.

செத்து விழுந்த குரங்குகள்

இனி அந்த மர்ம நோய்க்கு வருவோம்.

1957-ம் ஆண்டு கோடைக் காலம். ஷிமோகா ஜில்லா, சோரப் தாலுக்காவில் கியாசனூர் என்று ஒரு காடு. அங்கே குரங்குகள் மரத்திலிருந்து செத்து விழுவதாகக் கிராமத்தார் சொன்னார்கள். கொஞ்ச நாளில் காட்டுக்கு விறகு எடுக்கவும் மாடு மேய்க்கவும் போன மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. கடும் ஜுரம், உடல் வலி, சிலருக்கு மூக்கிலும் வாயிலும் இரத்தம். மரணங்களும் நேர்ந்தன.

பூனாவில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் விரைந்தார்கள். அவர்களுக்கு முதலில் எழுந்த பயம் மஞ்சள் காய்ச்சல். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள கொடிய நோய் அது. குரங்குகளைப் பிடிக்கும் நோய். இந்தியாவில் கிடையாது. வந்துவிட்டால் தேசம் தாங்காது. நல்ல வேளை, அது இல்லை. வேறொரு புதிய வைரஸ் அகப்பட்டது. அதைப் பரப்புவது காட்டு உண்ணி என்பதும் தெரிந்தது. நாம் மாட்டின் காதில் பார்க்கிறோமே, அந்த ஜாதிப் பூச்சிதான்.

அந்த வைரஸைச் சோதித்தபோது ஓர் ஆச்சரியம். ருஷியாவில், சைபீரியக் காடுகளில் உண்ணியால் பரவும் ஒரு மூளைக் காய்ச்சல் உண்டு. அந்த வைரஸும் இதுவும் நெருங்கிய சொந்தம்! சைபீரியா எங்கே, ஷிமோகா எங்கே? நடுவில் இமயமலை நிற்கிறது. நோய் எப்படி வந்தது? ஒவ்வொரு குளிர்காலத்திலும் சைபீரியாவிலிருந்து இந்தியாவுக்கு வருவது யார்? பறவைகள்! அவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு உண்ணியும் வந்திருக்கலாம் அல்லவா?

கேட்டால் நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் இது சாமானியச் சந்தேகம் அல்ல. மெய் என்று ஏற்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏரிக்கு வரும் ஒவ்வொரு வாத்தையும் ஜனங்கள் எமனாகப் பார்த்திருப்பார்கள். துப்பாக்கி உள்ளவர்களுக்குச் சாக்குக் கிடைத்திருக்கும். பறவைகளைச் சுடுவதற்கு அந்நாளில் சாக்கே தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராஜஸ்தானத்தில் பரத்பூர் மகாராஜாவின் ஏரியில், வைஸ்ராய் லின்லித்கோவின் கோஷ்டி ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. அது 1938-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி. சலீம் அலியின் பிறந்த நாள்!

வைரஸ் நிலையத்தார் சலீம் அலியிடம் வந்தார்கள். அவர் பறவைகள் குற்றமற்றவை என்று முழங்கவில்லை. குற்றவாளிகள் என்று தலையாட்டவும் இல்லை. பறவைகளைப் பிடித்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்பதே அவர் கட்சி. வளையம் மாட்டும் வேலையைப் பெரிய அளவில் நடத்த வேண்டும் என்று அவர் நெடுங்காலமாக ஆசைப்பட்டவர். பணம்தான் இல்லை. உலகச் சுகாதார ஸ்தாபனம் பண உதவி செய்தது. 1959-ல் திட்டம் தொடங்கியது.

பறவை பிடிப்பது யார்? பீகாரில் மீர்ஷிகார் என்று ஒரு வகுப்பார் உண்டு. பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள். ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் வலை, குதிரை மயிர்க் கண்ணி இருந்தால் போதும். இறகு கலையாமல் எந்தப் பறவையையும் பிடித்துவிடுவார்கள். சலீம் அலி அவர்களை வேலைக்கு அமர்த்திக்கொண்டார். கொன்று விற்பதற்காகப் பிடித்த கைகள், பறக்க விடுவதற்காகப் பிடிக்கத் தொடங்கின.

பிடித்த பறவையை எடை போடுவார்கள். இறக்கையை அளப்பார்கள். இறகுக்குள் ஊதி ஊதி உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் எடுத்துப் புட்டியில் போட்டுப் பூனாவுக்கு அனுப்புவார்கள். பிறகு காலில் வளையம். அதில் ஓர் எண்ணும், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஒரு வாசகமும் இருக்கும். கையைத் திறந்ததும் பறவை போயே போய்விடும்.

கட்ச் பாலைவனம், பரத்பூர் ஏரி என்று முகாம்கள் நடந்தன. பிறகு நம் தஞ்சைக் கடலோரத்துக் கோடியக்கரைக்கும் அவர்கள் வந்தார்கள். அந்த உப்பளத்துச் சேற்றில் குளிர்காலத்தில் இறங்கும் உள்ளான்களுக்கும் பூநாரைகளுக்கும் கணக்கே கிடையாது. வளையம் மாட்டிய பறவைகளின் தொகை லட்சத்தைத் தாண்டியது. மாதங்கள் கழித்து, சோவியத் நாட்டின் கோடியிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. பரத்பூரில் பிடித்துவிட்ட வாத்துகள் சைபீரியாவில் கிடைத்திருந்தன. அதுவரை ஊகமாக இருந்த வலசைப் பாதை, எண்ணும் தேதியுமாக ஏட்டில் ஏறியது.

சரி, பழி என்ன ஆயிற்று? வருஷக் கணக்கில் தேடியும், கியாசனூர் நோயைச் சைபீரியப் பறவைகள் சுமந்து வந்தன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த வைரஸ் காட்டில் எலி முதலிய சின்னப் பிராணிகளுக்கும் உண்ணிகளுக்கும் நடுவே ஏற்கெனவே வாழ்ந்திருக்க வேண்டும். மனிதன் காட்டை வெட்டி நிலமாக்கி, மாடுகளை உள்ளே ஓட்டியதால் உண்ணி பெருகி நோய் வெளியே வந்தது என்றே ஆராய்ச்சியாளர் பலர் கருதினர். சைபீரியாவுக்கு விரல் நீட்டியவர்கள் தங்கள் காலடியைப் பார்க்க வேண்டியதாயிற்று. வேலூர்க் கொக்குக்குப் பங்கு உண்டு என்று விஞ்ஞானம் சொன்னது. ஷிமோகாவுக்குச் சைபீரிய வாத்தைக் குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை என்றும் அதே விஞ்ஞானம் சொன்னது.

அவர் மீதே பழி

பறவைகள் மீது இருந்த சந்தேகம் நீங்கும் சமயத்தில் சலீம் அலி மீதே ஒரு சந்தேகம் விழுந்தது.

உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் பணம் நின்ற பிறகு, வளையத் திட்டத்துக்கு அமெரிக்க ராணுவத்தின் நோய் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றிலிருந்து உதவி வந்தது. இது வெளியே தெரிந்ததும் கூச்சல் எழுந்தது. பறவைகள் மூலம் எதிரி நாட்டில் நோயைப் பரப்ப அமெரிக்கா ஒத்திகை பார்க்கிறதா, அதற்கு இந்தியர் ஒருவர் கையாளா என்று பத்திரிகைகள் கேட்டன. 1970-களில் பாராளுமன்றத்திலும் விவகாரம் எழுந்தது. அந்த முதியவரின் மனம் நொந்துவிட்டது. தாம் செய்தது பறவைகளின் போக்கை அறியும் வேலை மட்டுமே, ஒளிப்பதற்கு அதில் எதுவும் இல்லை என்பதே அவர் பதில். அவர் நாணயத்தை அறிந்தவர்கள் ஐயப்படவில்லை. ஆனாலும் ராணுவம் கொடுக்கும் பணத்தை விஞ்ஞானி வாங்கலாமா என்ற கேள்வி நியாயமான கேள்விதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையே அவர் செய்த பெரிய காரியங்கள் பல. டில்லன் ரிப்ளி என்ற அமெரிக்க நிபுணரோடு சேர்ந்து, இந்திய, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றி 10 பாகங்கள் கொண்ட பெருநூலை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். பரத்பூர் ஏரியை வற்றடித்து வயலாக்க முயற்சி நடந்தபோது நேருவிடம் வாதாடித் தடுத்தார். மகாராஜாக்கள் சுட்டு விளையாடிய அந்த ஏரி பிறகு தேசியப் பூங்காவாயிற்று. 1976-ல் பத்ம விபூஷண் பட்டம் வந்தது. 50,000 டாலர் கொண்ட அகில உலகப் பரிசு ஒன்றும் வந்தது. அந்தப் பணத்தைப் பம்பாய்க் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். 1985-ல் ராஜ்ய சபை அங்கத்தினராக நியமிக்கப்பட்டார். பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்குச் சர்வகலாசாலைகள் டாக்டர் பட்டங்களை வீடு தேடிக் கொடுத்தன!

1987-ல் தமது 90-வது வயதில் அவர் காலமானார். 1990-ல் கோவைக்கு அருகே ஆனைகட்டியில் அவர் பெயரால் ஒரு பறவை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

உப்பு ஏரியில் ஒரு துயரம்

அவர் மறைந்து 32 ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 நவம்பரில், ராஜஸ்தானத்துச் சாம்பார் உப்பு ஏரியில் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடந்தன. தட்டைவாயன், கிளுவை, உள்ளான் என்று பல ஜாதி. கணக்கு 18,000-க்கு மேல் போயிற்று. உயிரோடு இருந்தவற்றின் நிலை அதைவிடப் பரிதாபம். கால் இழுத்தது. இறக்கை தூக்க வரவில்லை. கழுத்து துவண்டு விழுந்தது. அடி அளவு தண்ணீரில் தலை தொங்கி மூழ்கியே பல செத்தன.

பறவைக் காய்ச்சலோ என்றுதான் எல்லோரும் முதலில் பயந்தார்கள். வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்கு அந்தப் பயம் புரியும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே இரவில் கூடு காலியாகிவிடும். அதற்குத் தடுப்பு மருந்து செய்யும் அரசாங்க நிலையம் நம் ராணிப்பேட்டையிலேயே 1932 முதல் இருக்கிறது. அந்த நோய்க்கு ராணிக்கட் நோய் என்று பெயர். அது இமயமலை அடிவாரத்து ராணிக்கேத் என்ற ஊரின் பெயர். ராணிப்பேட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சாம்பாரில் சோதித்ததில் பறவைக் காய்ச்சல் இல்லை என்றாயிற்று. பரேலியில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் காரணத்தைச் சொன்னது. அது பொட்டுலிசம் என்ற விஷம். காற்றுப் புகாத சேற்றில் ஒரு கிருமி உறங்கிக் கிடக்கும். வெயிலும் அழுகலும் சேர்ந்தால் விழித்துக்கொண்டு விஷம் சுரக்கும். செத்த பறவையின் உடலில் அது பெருகும். உடலில் புழு வைக்கும். புழுவுக்கு அந்த விஷத்தால் கேடில்லை. ஆனால் அந்தப் புழுவைத் தின்னும் பறவை சாகும். அதன் உடலில் மறுபடி புழு. இப்படி ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகிறது. ஆகையால் செத்த உடல்களை உடனே பொறுக்கி அப்புறப்படுத்துவதுதான் முதல் சிகிச்சை.

வன இலாகாவினரும் கால்நடை டாக்டர்களும் தொண்டர்களும் சேற்றில் இறங்கினார்கள். உடல்களை அள்ளிப் புதைத்தார்கள். மூச்சு இருந்தவற்றைக் கூடைகளில் முகாமுக்குக் கொண்டு போனார்கள். நிழலில் வைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, நல்ல தண்ணீர் புகட்டினார்கள்.

இந்தத் தண்ணீர் வைத்தியத்துக்கு வயது நூறுக்கு மேல். அமெரிக்காவில், யூட்டா மாகாணத்து உப்பு ஏரியில், 1910 முதலே வாத்துகள் இதேபோல லட்சக்கணக்கில் மடிந்தன. காரணம் யாருக்கும் புரியவில்லை. 1914-ல் அலெக்சாண்டர் வெட்மோர் என்ற இளைஞரை அரசாங்கம் அனுப்பியது. துவண்டு கிடந்த வாத்துகளை எடுத்து நல்ல தண்ணீரில் விட்டார். பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன! ஏரியின் உப்புக் காரம்தான் காரணம் என்று அவர் எண்ணினார். உண்மைக் காரணமான கிருமி விஷம் 1930 வாக்கில்தான் தெரிந்தது. காரணத்தில் தவறினாலும் வைத்தியத்தில் அவர் தவறவில்லை. அந்த வெட்மோர் பின்னாளில் ஸ்மித்சோனியன் என்ற பெரிய விஞ்ஞான ஸ்தாபனத்தின் தலைவரானார். பிற்பாடு அதே நாற்காலியில் அமர்ந்தவர்தான் சலீம் அலியோடு 10 பாகங்கள் எழுதிய ரிப்ளி.

பிழைத்த வாத்துகள் வெளியே போனதும் செத்துவிடுமோ என்ற சந்தேகம் வெட்மோருக்கு இருந்தது. அதனால் அவற்றின் காலில் வளையம் மாட்டி விட்டார். மாதங்கள் கழித்து, பல மாகாணங்களிலிருந்து அந்த வளையங்கள் தபாலில் திரும்பி வந்தன. நோயில் விழுந்த வாத்துகள் எழுந்து நெடுந்தூரம் பறந்திருந்தன.

சாம்பாரிலும் முகாமில் தேறிய பறவைகளை, சில நாள் பொறுத்து, நோய் இல்லாத நீர்நிலைகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கூடையைத் திறந்ததும் அவை சிறிது நேரம் தயங்கி நின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின.